பல் வலி நின்னா நோயும் நின்னுடுச்சா?



"ரெண்டு வாரமா உயிர் போற வலி. இப்ப தானா நின்னுடுச்சு" என்று குழுக் கூட்டங்களில் பலரும் சொல்லக் கேட்கிறோம். பல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மெத்தென்ற சதை இருக்கிறது. இதுதான் பல்கூழ். சொத்தையில் உள்ள கிருமிகள் இனிப்பை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். கிருமி நெருங்கும்போது பல்கூழ் தன் உள்சுவரில் புதுப் பூச்சு பூசித் தடுக்கப் பார்க்கும். இந்தக் கட்டத்தில் ஐஸ் தண்ணி பட்டால் சுருக்கென்று கூசி, உடனே அடங்கும். சொத்தையைச் சுரண்டி அடைத்தால் பெரும்பாலும் பல்கூழ் பிழைத்துக்கொள்ளும்.

விட்டுவிட்டால் பல்கூழ் வீங்கும். சுற்றிலும் கெட்டிச் சுவர் என்பதால் வீங்க இடமில்லை. அழுத்தம் ஏறி, ராத்திரி தூங்க முடியாமல் தெறிக்கும். அப்போது வேர் சிகிச்சை தேவைப்படும். கடைசியில் பல்கூழ் செத்துப் போகும். வலி நின்றுவிடும், கிருமி நிற்காது. வேர் நுனி வழியாக எலும்புக்குள் போய்ச் சீழ் கட்டும்.

கிராம்பு கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், சொத்தையை ஆற்றாது. புகையிலை அடக்கினால் வாய்ப் புற்றுநோய் வரலாம்.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் சகோதரிகளுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கோட்டை ரயில் நிலையம் அருகே உள்ளது. முகம் வீங்கி, காய்ச்சல் வந்தாலோ, விழுங்க முடியாவிட்டாலோ அன்றே போக வேண்டும்.

ஒரு நாள் கூலி போகுமே என்று தள்ளிப் போட்டால் பல்லே போய்விடும். கூச்சம் தெரிந்ததுமே கிளம்புவோம்!