ஈசாக்கு ஏமாந்த விதமும் தொலைபேசி வஞ்சகமும்



சர்வேசுரன் தந்த பத்துக் கற்பனைகளில் ஏழாவது களவை விலக்குகிறது. எட்டாவது பொய்யை விலக்குகிறது. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் மீறுகிற பாவமொன்று, வாசற்கதவைத் தட்டாமலே இப்போது நம் வீடுகளுக்குள் நுழைகிறது. கைப்பேசி மணி அடிக்கிறது. யாரோ ஒருவன் மரியாதையாகப் பேசுகிறான். அரைமணி நேரத்தில் பத்து வருடச் சேமிப்பு போய்விடுகிறது. 2024-ம் ஆண்டில் மட்டும் இணையவழி மோசடிகளால் இந்தியர் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முந்திய ஆண்டில் அது 7,465 கோடியாயிருந்தது. ஆகையால் இந்த வார ஞானோபதேசத்தை இக்காரியத்தைப் பற்றியே எழுதுகிறோம்.

1. வேதாகமத்தில் ஒரு பாடம்

ஆதியாகமம் 27-ம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பமாய் அமர்ந்து வாசியுங்கள். ஈசாக்கு முதிர்ந்த வயதினர், கண் தெரியாதவர். மூத்த குமாரன் ஏசாவுக்குரிய ஆசீர்வாதத்தை இளையவன் யாக்கோபு வஞ்சகமாய்ப் பெற வருகிறான். எப்படி வருகிறான்? அண்ணனுடைய உடையை உடுத்தி வருகிறான். கைகளில் ஆட்டுக்குட்டித் தோலைச் சுற்றிக்கொள்கிறான். தகப்பனுக்குப் பிரியமான உணவையும் ஏந்தி வருகிறான்.

ஈசாக்குக்குச் சந்தேகம் வராமலில்லை. வேட்டை இத்தனை சீக்கிரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். அதற்கு யாக்கோபு சர்வேசுரனுடைய திருநாமத்தையே சாட்சிக்கு இழுத்தான். குரல் வேறாயிருக்கிறதே என்றும் அந்தப் பெரியவர் கவனித்தார். தடவிப் பார்த்தார், மறுபடியும் கேட்டார், உடையை முகர்ந்தார். இவ்வளவும் செய்தும் ஏமாந்தார். ஏன்?

நன்றாய்க் கவனியுங்கள். அவர் விசாரித்ததெல்லாம் எவன்மேல் சந்தேகம் வந்ததோ அவனிடத்திலேயே விசாரித்தார். ஒரு வேலைக்காரனைக் கூப்பிட்டு, ‘வந்திருப்பது யார்?’ என்று கேட்கவில்லை. ஏசாவு திரும்பும் வரையில் பொறுக்கவுமில்லை. வஞ்சகனை வஞ்சகனிடமே விசாரித்தால் வஞ்சகமான விடைதானே வரும்?

யாக்கோபு வழியாகவே சர்வேசுரனுடைய திட்டம் நிறைவேறிற்று என்பது உண்மை. அதனால் அவன் சொன்ன பொய் நியாயமாகிவிடாது. ஊரை விட்டு ஓடி இருபது வருடம் லாபானுடைய வீட்டில் உழைத்தான். அங்கே மணப்பெண்ணை மாற்றிக் கொடுத்து அவனையே ஏமாற்றினார்கள்.

2. அதே வேஷம் இன்று

ஏசாவின் உடைக்குப் பதிலாக இன்று காவல்துறை உடுப்பு. ஆட்டுத்தோலுக்குப் பதிலாக முத்திரை பதித்த போலிக் கடிதம். வகைகள் பல, நம் தென்காசி, குற்றாலம் பக்கத்துக் குடும்பங்களுக்கு அதிகமாய் வரக்கூடியவற்றை மட்டும் சொல்லுகிறோம்.

முதலாவது, பயமுறுத்தல். ‘உங்கள் ஆதார் எண்ணில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், வீடியோவை அணைக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்பார்கள். நமது தேசத்தின் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்றில்லை. பிரதம மந்திரியே 2024 அக்டோபர் 27-ம் தேதி வானொலியில் இதை எடுத்துச் சொன்னார். ஹரியானாவின் அம்பாலா நகரில் வயது முதிர்ந்த தம்பதியர் சுப்ரீம் கோர்ட்டின் பெயரால் தயாரித்த போலி உத்தரவுகளைக் கண்டு பயந்து, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்தார்கள். அதன்பேரில் சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கெடுத்து, 2025 டிசம்பர் 1-ம் தேதி சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது.

இரண்டாவது, அவசரம். ‘பில் கட்டவில்லை, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்’ என்ற குறுஞ்செய்தி 2022-ல் தமிழகமெங்கும் பரவியது. மின்வாரியமும் அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபுவும் பொதுஜனங்களை எச்சரித்தார்கள். இன்று அதே தந்திரம் வங்கிக் கணக்கு முடக்கம், போக்குவரத்து அபராதம், கலியாணப் பத்திரிகை என்று வெவ்வேறு பெயரில் வருகிறது. பத்திரிகை என்று வருகிற கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் அதைத் தொடாதீர்கள். அது பத்திரிகையல்ல, கைப்பேசியின் சாவியைத் திருடனிடம் கொடுக்கிற செயலி.

மூன்றாவது, ஆசை. சீசன் காலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் வெளியூர் உறவினர் குற்றாலத்தில் அறை கேட்பார்கள். ஐந்தருவி பக்கம் குறைந்த வாடகைக்கு அழகான வீடு என்று படம் போட்டு முன்பணம் கேட்கிறவன், அந்த வீட்டைக் கண்டிராதவனாகவும் இருக்கலாம். உள்ளூரில் இருக்கிற நீங்கள் ஒரு நடை போய்ப் பார்த்துச் சொல்வது உறவினருக்குச் செய்கிற பெரிய உபகாரம். ‘பணம் அனுப்புகிறேன், கியூ ஆர் குறியைப் பிடித்து பின் எண்ணை அழுத்துங்கள்’ என்பவனும் இந்த வகையே. பணம் பெற பின் எண் வேண்டியதில்லை. பணம் கொடுக்க மட்டுமே அது வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு போலச் சொல்லிக் கொடுங்கள்.

நான்காவது, பாசம். துபாயிலோ கத்தாரிலோ இருக்கிற மகனுடைய குரலைப் போலவே இப்போது இயந்திரம் பேசும். ‘அம்மா, விபத்தில் மாட்டிக்கொண்டேன், பணம் போடு’ என்று அழும். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், சமூகத் தொடர்பு தினத்துக்காக 2024-ல் விடுத்த செய்தியில், செயற்கை அறிவால் உண்டாக்கப்படும் பொய்ப் படங்களைப் பற்றி எச்சரித்து, தம்மையும் அவ்வாறு பயன்படுத்தினார்கள் என்று குறிப்பிட்டார். பாப்பரசருடைய உருவத்தையே விட்டுவைக்காதவர்கள் உங்கள் மகனுடைய குரலை விட்டுவைப்பார்களா?

மேற்றிராணியார் பெயரிலோ பங்குச் சுவாமியார் பெயரிலோ, படத்தோடு வாட்ஸ்அப்பில் பணம் கேட்டு வந்தாலும் நம்ப வேண்டாம். கோவில் காணிக்கைக்கு அறைவீட்டில் ரசீது உண்டு. அவசரமாய் அனுப்பும்படி நாம் யாரையும் கேட்பதில்லை.

3. வெட்கம் என்னும் இரண்டாவது திருடன்

நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயார், தம் பெயரைச் சொல்லாமல் இதை எழுதும்படி சம்மதித்தார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, மகளோடு அறைவீட்டுக்கு வந்து சொன்னது. பீடி சுற்றி, சீட்டுப் பிடித்து, மகள் கலியாணத்துக்கென்று சேர்த்த ஒரு லட்சத்து எண்பதாயிரத்தையும், இரண்டு நாள் வீடியோவில் மிரட்டிய போலிப் போலீஸ்காரனுக்கு அனுப்பிவிட்டார். மூன்றாம் நாளே மோசம் தெரிந்தது. ஆயினும் பதினொரு நாள் வாய் திறக்கவில்லை. சாப்பாடு செல்லவில்லை; ஞாயிறு பூசைக்கும் வரவில்லை. மகள் கண்டுபிடித்துக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போவதற்குள் பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்து எங்கோ போய்விட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, ‘போலீசுக்குப் பயப்படவில்லை சாமி, என் தம்பி என்ன சொல்லுவானோ என்றுதான் பயந்தேன்’ என்றார்.

குடும்பத் தலைவர்களே, இந்த வார்த்தையைச் சற்று யோசியுங்கள். அவருடைய பணத்தை எடுத்தவன் எங்கோ இருக்கிற திருடன். அதைத் தடுக்கக்கூடிய நேரத்தை எடுத்தது நம் நாக்கு. ‘படித்தும் புத்தியில்லையா’ என்று ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரைப் பரிகசித்தோம். அதைக் கேட்டிருந்த நம் வீட்டுப் பெண், தனக்கு மோசம் வந்தபோது மௌனமானாள். குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்ட சமாரியன், ‘எரிக்கோ சாலையில் தனியாய் ஏன் போனாய்?’ என்று கேட்கவில்லை, காயத்தைக் கட்டினான்.

4. வினாவிடை

வினா: வஞ்சகரிடம் ஏமாந்து போவது பாவமா?

விடை: அல்ல. பாவம் வஞ்சித்தவனுடையது. ஆயினும் பணத்தை மாதத்தில் இரட்டிப்பாக்குவோம் என்ற பேச்சை நம்பி, குடும்பத்துக்கு மறைத்து முதல் போடுகிறவன், தன் பேராசையை ஆத்தும சோதனையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வினா: ‘உன் வங்கிக் கணக்கைக் கொடு, பணம் வந்து போகும், மாதம் ஐயாயிரம் தருகிறேன்’ என்று ஒருவன் கேட்டால் வாலிபன் கொடுக்கலாமா?

விடை: கூடாது. திருடனுக்கு ஏணி பிடிக்கிறவனும் திருட்டில் பங்காளி. அந்தத் தாயாருடைய பணமும் இப்படிப்பட்ட கணக்குகள் வழியாகவே போயிற்று. அறிந்து உதவினவன் ஏழாம் கற்பனையை மீறுகிறான். போலீஸ் வழக்கும் அவன் பெயரிலேயே வரும்.

வினா: அவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் போதுமா?

விடை: பாவப் பொறுத்தல் பெற மனஸ்தாபம் வேண்டும், களவுப் பொருளைத் திரும்பக் கொடுக்கும் மனதில்லாத மனஸ்தாபம் மெய்யானதல்ல. தன்னால் உண்டான நஷ்டத்தைத் தன் சக்திக்கேற்ப ஈடுசெய்யக் கடமைப்பட்டிருக்கிறான்.

வினா: அறியாமல் கணக்கைக் கொடுத்துவிட்டால்?

விடை: அறிந்த உடனே வங்கிக்கும் போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும். கணக்கில் நிற்கிற அந்நியர் பணத்தில் கைவைக்கலாகாது.

வினா: ஏமாற்றுகிறவர்களுக்காகவும் செபிக்க வேண்டுமா?

விடை: வேண்டும். அவர்களில் சிலர் தாங்களே சிறைப்பட்டவர்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துப்போய், மியான்மர் எல்லையில் அடைத்து, அடித்து, இந்த வஞ்சகத் தொழிலைச் செய்விக்கிறார்கள். 2025 மார்ச்சில் 549 இந்தியரை நம் அரசாங்கம் விமானப்படை விமானங்களில் மீட்டுக்கொண்டு வந்தது. ஆகவே வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிற பிள்ளைகளே, ஏஜெண்டு அரசாங்கத்தில் பதிவு பெற்றவரா என்று சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரித்த பிறகே பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்.

5. செய்ய வேண்டியது

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. அழைப்பு எதுவாயினும் முதலில் தொலைபேசியை வையுங்கள். பிறகு வேறு வழியாய் விசாரியுங்கள்: மகன் என்றால் மகனுடைய பழைய எண்ணுக்கு, வங்கி என்றால் பாஸ்புத்தகத்தில் அச்சிட்ட எண்ணுக்கு அல்லது நேரில் கிளைக்கு, போலீஸ் என்றால் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு. ஈசாக்கு செய்யத் தவறியது இதுவே. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று ஒருவன் சொன்னால், உடனே ஒருவரிடமாவது சொல்லுங்கள். ஓ.டி.பி. என்ற இரகசிய எண்ணைக் கேட்கிறவன் யாராயிருந்தாலும் கொடுக்காதீர்கள்.

பணம் போய்விட்டால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். இது தேசம் முழுவதற்கும் அரசாங்கம் வைத்திருக்கிற இலவச எண். போன தொகை, நேரம், பரிமாற்ற எண் ஆகியவற்றைச் சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் வங்கிகள் நிறுத்தி வைக்கக் கூடும். சைபர் கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசாங்கத் தளத்திலும் முறையிடலாம். அதே நேரம் வங்கிக்கும் தெரிவியுங்கள். வாடிக்கையாளர் தாமே இரகசிய எண்ணைக் கொடுத்துவிட்டிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகிற பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ம் தேதிச் சுற்றறிக்கையில் விதித்தது. ஆகவே எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் 1930-ஐச் சுவரில் எழுதி வைக்கும்படி, வின்சென்ட் தே பவுல் சபையார் வீடு சந்திக்கும்போது உதவி செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இந்த வாரத்துக்கு ஒரு குடும்ப முயற்சி. இரவு செபமாலை முடிந்ததும், வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு அடையாளச் சொல்லைத் தீர்மானியுங்கள். பாட்டிக்குத் தெரிந்த ஒரு மாட்டின் பெயராயிருக்கட்டும், பழைய வீட்டிலிருந்த ஒரு மரத்தின் பெயராயிருக்கட்டும். அதைக் கைப்பேசியில் எழுதவேண்டாம். தூரதேசத்திலிருந்து எந்தக் குரல் அழுதுகொண்டு பணம் கேட்டாலும் அந்தச் சொல்லைக் கேளுங்கள். பின்பு குடும்பத் தலைவர் எல்லாரும் கேட்கச் சொல்லட்டும்: ‘நம்மில் யார் ஏமாந்தாலும், அன்றைக்கே சொல்லுங்கள், இந்த வீட்டில் யாரும் ஏசமாட்டோம்.’

நல்ல மேய்ப்பருடைய குரலை ஆடுகள் அறியும் என்று ஆண்டவர் படிப்பித்தார். அவருடைய குரல் நம்மை ஒருபோதும் இருட்டில் தனித்திருக்கச் சொல்லாது; ஒருவருக்கொருவர் மறைக்கச் சொல்லாது. நம் வீடுகளையும், வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளைகளையும், மோசம்போய் மனம் நொந்திருப்பவர்களையும் திவ்விய கன்னிமரியாயின் அடைக்கலத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்.

உங்கள் பங்குச் சுவாமியார்