இதய பலவீனமும் இபாதத்தும்



வயது எழுபதை நெருங்கிய ஒருவர் மாடிப்படியில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்குகிறார். ஒரு தலையணையில் படுத்துறங்கியவருக்கு இப்போது மூன்று தேவைப்படுகின்றன. மாலையானால் கணுக்கால் வீங்கிச் செருப்பு இறுகிப் போகிறது. ருகூவுக்கோ ஸுஜூதுக்கோ குனிந்தால் மூச்சு முட்டுகிறது. "என்ன வாப்பா செய்கிறது?" என்று பிள்ளைகள் கேட்டால், "ஒன்றுமில்லை, வயசாகிவிட்டது" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார். பிள்ளைகளும் அத்துடன் விட்டு விடுகின்றனர்.

இந்த ஒரு வார்த்தையால் நம் வீடுகளில் எத்தனையோ பெரியவர்களின் நோய் முற்றிய பிறகே வெளிப்படுகிறது. ஆகவே இம்மாதப் பாடமாக இதைப் பற்றியே எழுத முற்பட்டோம். மருத்துவம் நம் துறையன்று. டாக்டர்கள் கூறுவதை அவர்கள் கூறியபடி எடுத்துரைத்து, அதனால் இபாதத்துகளில் ஏற்படும் மஸ்அலாக்களை விளக்குவதே நம் நோக்கமாகும்.

முதுமை வேறு, நோய் வேறு

கிராமவாசிகள் சிலர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தாங்கள் வைத்தியம் செய்து கொள்ளலாமா என்று வினவினார்கள். செய்து கொள்ளுமாறு கூறிய நாயகம் (ஸல்) அவர்கள், மருந்து இல்லாத எந்த நோயையும் அல்லாஹ் ஏற்படுத்தவில்லை என்றும், முதுமை ஒன்றே அதற்கு விலக்கு என்றும் தெளிவுபடுத்தினார்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் உள்ளது.

இதில் நமக்கு இரு படிப்பினைகள் உண்டு. வைத்தியம் செய்வது தவக்குலுக்கு முரணானதன்று என்பது ஒன்று. முதுமையும் நோயும் ஒன்றல்ல என்பது மற்றொன்று. முதுமைக்கு மருந்தில்லை; ஆனால் முதுமையில் வந்து சேரும் நோய்க்கு மருந்துண்டு. அப்படியிருக்க, நோயை முதுமையின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருப்பது பொறுமையாகாது. அது அல்லாஹ் அருளிய நிஃமத்தைக் கை நீட்டி வாங்காமல் இருப்பதாகும்.

பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம்

மேலே சொன்ன அறிகுறிகளைக் கண்டதும் டாக்டர், "ஹார்ட் ஃபெயிலியராக இருக்கலாம், சோதித்துப் பார்ப்போம்" என்கிறார். இதயச் செயலிழப்பு என்று தமிழில் கூறுகின்றனர். இப்பெயரைக் கேட்டதுமே வீட்டில் அழுகுரல் எழுகிறது. இதயம் நின்றுவிட்டது என்பது இதன் பொருளன்று. இது மாரடைப்பும் அன்று. ஆயினும் முன்பு வந்த மாரடைப்பும், நெடுநாள் இரத்தக் கொதிப்பும் இதற்குக் காரணமாகலாம். இதயத்தின் தசை தளர்ந்தோ விறைத்தோ போவதால் உடலுக்குத் தேவையான இரத்தத்தை அது சரிவர இறைத்துக் கொடுக்க இயலாமல், நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்குகிறது. இதுவே அந்நோய்.

மூச்சு வாங்குவதும் கால் வீங்குவதும் இரத்த சோகையாலும், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் கோளாறாலும் வரக்கூடும். எனவேதான் இரத்தப் பரிசோதனை, ஈ.ஸி.ஜி., மார்பு எக்ஸ்ரே, எக்கோ எனச் சோதனைகள் செய்கின்றனர். எக்கோ ரிப்போர்ட்டில் 40 சதவீதம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இதயத்தில் 60 சதவீதம் செத்துவிட்டது எனச் சிலர் எண்ணிக் கலங்குகின்றனர். இது தவறு. சுகமான இதயமும் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தம் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. 50 முதல் 70 சதவீதம் வரையே வெளியேற்றும். மறுபுறம், இந்தக் கணக்கு சரியாக இருந்தும், இதயத் தசை விறைத்திருப்பதால் இந்நோய் காண்போரும் உண்டு. நெடுநாள் இரத்தக் கொதிப்புள்ள வயதான பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. ஆகவே ரிப்போர்ட்டை வீட்டில் வைத்துத் தாமாகப் பொருள் கொள்ளாமல் டாக்டரிடமே விளக்கம் கேட்க வேண்டும்.

ஸஅது (ரலி) அவர்களின் வரலாறு

சுவர்க்கத்து நன்மாராயம் பெற்ற பத்து ஸஹாபாக்களில் ஒருவரான ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்த சமயம், நாயகம் (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்க வந்து, அவர்களின் நெஞ்சில் கரம் வைத்துப் பார்த்து, இது இதயத்தில் ஏற்பட்ட நோய் எனக் கூறி, ஸகீஃப் கோத்திரத்தைச் சேர்ந்த வைத்தியரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு பணித்ததாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. இதன் அறிவிப்பாளர் தொடரில் ஹதீஸ் கலை அறிஞர்கள் சிலர் குறை கண்டுள்ளனர். எனினும் மருத்துவம் செய்வது பற்றிய மற்ற ஹதீஸ்கள் இதன் கருத்துக்கு வலுவூட்டுகின்றன.

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான மற்றொரு நிகழ்ச்சி இன்னும் கவனிக்கத் தக்கது. ஹிஜ்ரி 10ல், ஹஜ்ஜத்துல் விதாவின்போது, மக்காவில் ஸஅது (ரலி) அவர்கள் கடும் நோயுற்றார்கள். மரணம் நெருங்கிவிட்டதென எண்ணித் தம் செல்வத்தில் மூன்றில் இரு பங்கைத் தர்மம் செய்ய நாடினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, பாதியையும் தடுத்து, மூன்றில் ஒன்றுக்கு மட்டும் அனுமதியளித்து, அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகளை மக்களிடம் கையேந்தும் ஏழைகளாக விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவுடையோராக விட்டுச் செல்வது சிறந்தது எனவும் கூறினார்கள். அத்துடன், நீங்கள் இன்னும் வாழ்ந்து உங்களால் மக்கள் பயன் பெறவும் கூடும் என்று ஆதரவு வைத்தார்கள்.

அவ்வாறே நடந்தது. மரணப் படுக்கை என்று எண்ணிய அந்த ஸஹாபி, பின்னர் காதிஸிய்யாப் போரில் படை நடத்தினார்கள். கூஃபா நகரை நிறுவினார்கள். ஹிஜ்ரி 55 வாக்கில்தான் வஃபாத்தானார்கள். நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயுள் எஞ்சியிருந்தது! ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படி நாற்பதாண்டு கிடைக்கும் என நாம் கூற வரவில்லை. வஸிய்யத்தையும் பேசி, வாழ்வையும் எதிர்பார்த்த அந்த நடுநிலையைத்தான் நாம் கற்க வேண்டும். நோயின் பெயரைச் சொல்வது டாக்டரின் வேலை; அஜலின் தேதி அல்லாஹ்விடத்தில் உள்ளது.

சந்தேகத்தில் இருக்கும் நாட்கள்

நோய் இருக்கலாம் என்று கூறப்பட்டு முடிவு தெரியாமல் காத்திருக்கும் நாட்களே மனத்தை மிகவும் வாட்டுவன. உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படைகளில் ஒன்று. அதன்படி, முடிவு வரும் வரை தொழுகையும் மற்றக் கடமைகளும் உள்ளபடியே இருக்கும். ஆயினும் ஒரு செயலால் தீங்கு நேரும் என்று திறமையும் நம்பிக்கையும் உள்ள டாக்டர் எச்சரித்தால், அல்லது தம் உடலில் தாமே அதை உணர்ந்தால், அப்போதே சலுகை வந்துவிடும். இறுதி ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. திடீரென மூச்சுத் திணறி உட்காரவும் முடியாமல் போனாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108ஐ அழைத்து ஆஸ்பத்திரி செல்ல வேண்டும்.

தொழுகை

மூல நோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழும்படியும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் விலாப்புறம் படுத்தும் தொழும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். தங்கள் இறுதி நோயின்போது தாங்களே அமர்ந்து தொழுதார்கள். எனவே அமர்ந்து தொழுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

குனிந்தால் மூச்சு முட்டுவதை டாக்டர்களும் இந்நோயின் அறிகுறிகளில் ஒன்றாகக் கணக்கிடுகின்றனர். இத்தகையவர் நிற்க முடிந்து, ருகூவு, ஸுஜூது மட்டும் செய்ய முடியாதவராக இருந்தால், ஷாஃபிஈ மத்ஹபில் நிற்க வேண்டிய இடத்தில் நின்றே ஆக வேண்டும். ருகூவையும் ஸுஜூதையும் சைகையால் செய்ய வேண்டும். ஹனஃபீ மத்ஹபில், ஸுஜூது செய்ய முடியாதவர் மீது நிற்பது கடமையன்று. அமர்ந்து சைகையால் தொழுவதே அவருக்குச் சிறந்தது. இரு மத்ஹபிலும் ஸுஜூதின் சைகை ருகூவின் சைகையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும்.

நீர் பிரியும் மாத்திரை உண்டால் சில மணி நேரம் அடிக்கடி சிறுநீர் கழியும். இதற்கஞ்சி ஜும்ஆவன்று மாத்திரையையே விட்டு விடுவோர் உளர். அது ஆபத்தாகும். எந்த நேரத்தில் உண்பது என்று டாக்டரிடம் கேட்டு, அந்நேரத்தை மாற்றிக் கொள்ளலாம். சிறுநீர் அடக்க முடியாமல் தொடர்ந்து கசியும் நிலையிலுள்ளவர், தொழுகையின் வக்து வந்த பின் சுத்தம் செய்து உளூச் செய்து தொழ வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் அந்த உளூ அந்த வக்து முடியும் வரை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுக்கும் தனி உளூ வேண்டும்.

நோன்பு

நம்மை மிகவும் கவலைக்குள்ளாக்குவது இதுதான். ஐம்பதாண்டுகளாக ஒரு நோன்பையும் விடாத பெரியவர், பகல் மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிட்டு நோன்பு வைக்கிறார். சில நாட்களில் நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்படுகிறார். உயிருக்கு ஆபத்து எனத் தெரிந்த பின் நோன்பு வைப்பது கூடாது என்பது ஃபிக்ஹின் தீர்ப்பாகும். தலையில் காயம்பட்ட ஒருவருக்குச் சலுகையில்லை என்று தோழர்கள் கூற, அவர் குளித்து அதனாலேயே மரணமானார். அதைக் கேட்டு நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்ததும், அறியாதவர் கேட்டிருக்க வேண்டாமா என்று வருந்தியதும் அபூதாவூதில் உள்ளன. பெரியவர்களிடம் "ஒரு நோன்புதானே, வைத்துப் பாருங்கள்" என்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நோய் கட்டுக்குள் இருக்கும் சிலருக்கு, மருந்து நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித் தந்து டாக்டர் அனுமதியளிப்பதும் உண்டு. ஆகவே ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே சென்று கேட்க வேண்டும். முன்பு நீரிழிவுக்கென வந்த ஒருவகை மாத்திரை இப்போது இந்நோய்க்கும் கொடுக்கப்படுகிறது. "எனக்குச் சர்க்கரை இல்லையே" என்று அதைத் தள்ளிவிட வேண்டாம். அதை உண்போர் நோன்பு பற்றிக் கட்டாயம் கேட்டுக் கொள்ள வேண்டும்.

இனி ஃபித்யா. நோய் இன்னும் உறுதியாகாத நிலையில் நோன்பை விட்டவர், விட்ட நாட்களை எண்ணி வைத்துக் கொள்ள வேண்டும். குணமானால் களாச் செய்வதே கடமை; அவசரப்பட்டு ஃபித்யாவுடன் முடித்துவிடக் கூடாது. இனி நோன்பு வைக்கும் வலிமை திரும்பாது என டாக்டர் கூறிவிட்டால், ஒவ்வொரு நோன்புக்கும் ஃபித்யா உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு முத்து தானியம். பேணுதலாக முக்கால் கிலோ அரிசி கொடுக்கலாம். ஹனஃபீ மத்ஹபில் அரை ஸாஉ கோதுமை, ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோ, அல்லது அதன் கிரயம். நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள் முதுமையடைந்த பின் ஓரிரு ஆண்டுகள் நோன்பை விட்டு, நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் உண்ணக் கொடுத்தார்கள். அவர்களைவிட நாம் பேணுதலுடையோரல்லர்!

வீட்டார் கவனத்திற்கு

உப்பு உடலில் நீரைத் தேக்கும். ஊறுகாய், கருவாடு, உப்புக்கண்டம், அப்பளம் ஆகியவற்றைப் பெரியவரின் தட்டிலிருந்து விலக்க வேண்டும். நோன்புக் கஞ்சியிலும் உப்பைக் குறைத்துத் தனியே எடுத்து வைக்கலாம். அவருக்கு மட்டும் சப்பென்று சமைத்து வைப்பதைவிட, வீடு முழுவதும் உப்பைக் குறைத்து அவருடன் அமர்ந்து உண்பது அவர் மனத்திற்கு ஆறுதலாகும். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் நீர் சேர்கிறது என்று பொருள். டாக்டரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். மூட்டு வலிக்கென மருந்துக் கடையில் வலி மாத்திரையைத் தாமாக வாங்கி உண்பது இந்நோயாளிக்குத் தீங்கு செய்யும்.

நோயை அவரிடமிருந்து மறைப்பதும் நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அது அன்பினால் செய்யப்படுவதே. எனினும் அவர் கொடுக்க வேண்டிய கடன், நிலுவையிலுள்ள ஜகாத், மனைவிக்கு இன்னும் கொடுக்கப்படாத மஹர் ஆகியவை அவர் கழுத்திலேயே இருக்கின்றன. அவருக்குத் தெரிந்தால்தானே அவற்றைத் தீர்ப்பார்? பக்குவமாக, நம்பிக்கையூட்டும் சொற்களால், உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மஹர் மனைவிக்குரிய கடன் என்பதை ஆண் மக்கள் மறந்துவிடக் கூடாது. வஸிய்யத் எழுதினால் அது மூன்றில் ஒன்றுக்கு மேற்படலாகாது. மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றி ஒரு வாரிசுக்கென வஸிய்யத் செல்லாது.

நலம் விசாரிக்கச் செல்வோர் சிறிது நேரமே இருந்து, துஆச் செய்து, விடைபெற வேண்டும். அதே நோயால் மறைந்தவர்களின் கதையை அங்கே எடுக்க வேண்டாம்.

தொழுகையில் நிற்க முடியவில்லையே, நோன்பு போய்விட்டதே, பள்ளிக்கு நடக்க முடியவில்லையே என்று ஏங்கும் பெரியவர்களுக்கு ஒரு நன்மாராயம்: அடியான் நோயுற்றால், அவன் சுகமாக இருந்தபோது செய்து வந்த அமல்களின் நன்மை அவனுக்கு அப்படியே எழுதப்படுகிறது. இதை அபூமூஸா (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். இதை வாசிக்கும் பிள்ளைகள், தங்கள் வாப்பாவிடமும் உம்மாவிடமும் இன்றே அமர்ந்து, "படியேறினால் மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா?" என்று கேட்பார்களாக! வயசாகிவிட்டது என்ற பதிலை ஏற்காமல் ஒருமுறை டாக்டரிடம் அழைத்துச் செல்வார்களாக!

அல்லாஹு தஆலா நம் பெரியவர்களுக்குப் பூரண ஷிஃபாவையும், ஈமானுடன் கூடிய நீண்ட ஆயுளையும், அவர்களுக்குப் பணிவிடை செய்யும் பாக்கியத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.