பழைய டிவியில் டிஜிட்டல் தெரியுமா?

மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019 ஜூலையில் லங்காவியில் முதலில் நின்றது. அக்டோபர் 31க்குள் சபா, சரவாக் உட்பட நாடு முழுவதும் நின்றுபோனது. இப்போது ஆண்டெனா வழியாகக் காசில்லாமல் வருவது டிஜிட்டல் ஒளிபரப்புதான். ஆனாலும் “இந்த டிவியில் வருமா, வராதா?” என்ற கேள்வி ஓயவில்லை. பிள்ளைகள் புது டிவி வாங்கியதும் பழையது பெற்றோர் வீட்டுக்குப் போகிறது. அங்கே படம் வராவிட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஆர்.டி.எம். தமிழ்ச் செய்தி மட்டும் தெரிந்தால் போதும் என்றிருக்கும் பெரியவர்கள், அந்த யோசனைகளை நம்பித் தேவையில்லாமல் பல நூறு வெள்ளி செலவழிப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

நம்பிக்கை: தட்டை டிவி என்றால் டிஜிட்டல் டிவி.

உண்மை: திரை வேறு, டியூனர் வேறு. ஆண்டெனா கம்பியில் வரும் அலையைப் படமாக்கித் தருவது உள்ளே இருக்கும் டியூனர்தான். திரை மெலிதா, தடிப்பா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2010 வாக்கில் விற்ற எல்.சி.டி. டிவிகள் பலவற்றில் அனலாக் டியூனர் மட்டும்தான் இருந்தது. ‘ஃபுல் எச்டி’ என்ற ஸ்டிக்கர் திரையின் தெளிவைச் சொல்கிறது. எச்டிஎம்ஐ துளை வேறொரு கருவியிலிருந்து படத்தை வாங்கிக்கொள்ள உதவுகிறது. இரண்டுமே டியூனருக்குச் சான்று ஆகாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலேசியா பயன்படுத்துவது டிவிபி-டி2 என்ற இரண்டாம் தலைமுறை முறை. சில டிவிகளில் முதல் தலைமுறை டிவிபி-டி டியூனர் இருக்கும். ரிமோட்டில் ‘டிடிவி’ பொத்தான் இருக்கும், மெனுவிலும் டிஜிட்டல் தேடல் இருக்கும். தேட விட்டால் நூறு சதவீதம் வரை ஓடி முடிந்து, ஒரு சேனலும் இல்லை என்று சொல்லும். உடனே ஆண்டெனா மீது பழி விழுகிறது, புது ஆண்டெனா வாங்குகிறார்கள். பிறகும் அதே கதைதான்.

சரியான வழி இதுதான். டிவியின் பின்புற லேபிளில் உள்ள மாடல் எண்ணை முழுதாகக் குறித்துக்கொண்டு, கையேட்டிலோ தயாரிப்பு நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ டியூனர் பற்றிய வரியைப் பாருங்கள். அங்கே ‘டிவிபி-டி2’ என்று இருந்தால் டிவியே போதும். கடைசியில் அந்த ‘2’ இல்லாவிட்டால் டியூனரால் பயனில்லை. ஒரே மாடலை நாட்டுக்கு நாடு வேறு டியூனரோடு விற்பது வழக்கம் என்பதால், எண்ணின் கடைசி எழுத்துகள் வரை ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். சிங்கப்பூரிலும் டிவிபி-டி2 முறைதான். அமெரிக்காவும் கொரியாவும் வேறு முறையில் ஒளிபரப்புவதால், அந்த நாட்டுச் சந்தைக்கென்று செய்த டிவியின் டியூனர் இங்கே உதவாது.

நம்பிக்கை: ஸ்மார்ட் டிவியில் எல்லாம் வரும்.

உண்மை: யூடியூப் வருவது இணையம் வழியாக. டிவிபி-டி2 டியூனர் இல்லாத ஸ்மார்ட் டிவிகளும் உண்டு.

நம்பிக்கை: பெட்டி டிவியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

உண்மை: இதுதான் வீண் செலவில் கொண்டுபோய் விடும் நம்பிக்கை. டிவிபி-டி2 டிகோடர் (தனி டியூனர் பெட்டி) ஒன்றைச் சேர்த்தால் பழைய குழாய் டிவியும் நன்றாகவே ஓடும். டிகோடரின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். மஞ்சளில் படம் வரும், மற்ற இரண்டில் ஒலி வரும். டிவியில் சிவப்புத் துளை இல்லையென்றால் வெள்ளையை மட்டும் செருகினாலும் பேச்சு கேட்கும். டிவியை ‘ஏவி’யில் வைத்துவிட்டால் அதன் ரிமோட்டில் சேனல் மாற்றும் வேலையே இல்லை, டிகோடர் ரிமோட்டில்தான் எல்லாம். இதைப் பெரியவர்களுக்கு ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுங்கள். பாதிக் குழப்பம் இரண்டு ரிமோட்டால்தான் வருகிறது.

ஆண்டெனா துளை மட்டுமே உள்ள மிகப் பழைய டிவிக்கு ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற சிறு கருவியும் வேண்டும். டிகோடரில் ஆண்டெனா கம்பிக்கென்று வெளிவழி இருந்தாலும், பெரும்பாலும் அது வந்த அலையை அப்படியே கடத்திவிடுவது மட்டும்தான்.

நம்பிக்கை: ‘டிஜிட்டல் ஆண்டெனா’ என்று தனியாக வாங்க வேண்டும்.

உண்மை: அலையில் அடங்கியிருப்பது அனலாக்கா, டிஜிட்டலா என்று ஆண்டெனாவுக்குத் தெரியாது. அதற்கு முக்கியம் அலைவரிசை. நம் டிஜிட்டல் ஒளிபரப்பு யுஎச்எஃப் அலைவரிசையில் வருகிறது. கூரைமேல் இருக்கும் ஆண்டெனாவை அண்ணாந்து பாருங்கள். குறுக்குக் கம்பிகள் ஏறத்தாழ ஒரு சாண் நீளத்தில் வரிசையாக இருந்தால் அது யுஎச்எஃப், அப்படியே பயன்படுத்தலாம். எல்லாமே ஒரு கை நீளத்துக்கு இருக்கும் கம்பிகள் என்றால் அது பழைய விஎச்எஃப். அதை மாற்றத்தான் வேண்டும்.

நம்பிக்கை: படம் கட்டம் கட்டமாக உடைந்தால் டிவி கெட்டுவிட்டது.

உண்மை: அனலாக்கில் அலை குறைந்தால் திரையில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும், ஆனாலும் ஆள் தெரியும். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. ஓரளவுக்குக் குறையும்வரை படம் பளிச்சென்று இருக்கும், அதற்குமேல் குறைந்தால் கட்டங்களாக உடைந்து அடியோடு நின்றுவிடும். எனவே டிவியைக் குறைசொல்லும் முன் ஆண்டெனாவை ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்பி, கம்பியின் முனைகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்த்து, மறுபடி சேனல் தேட விடுங்கள்.

ஆஸ்ட்ரோ அல்லது என்ஜோய் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. டியூனர் அந்தப் பெட்டிக்குள் இருப்பதால், எவ்வளவு பழைய டிவியானாலும் செருகத் துளை இருந்தால் போதும்.