சும்மா இருத்தல்: ஒரு சொல்லும் அதன் பொருளும்

தமிழ் பேசும் வீடுகளில் நாளொன்றுக்குப் பலமுறை ஒலிக்கும் சொற்களுள் "சும்மா" என்பதும் ஒன்றாகும். சிறு பிள்ளை முதல் முதியவர் வரை எல்லோரும் அதனைக் கையாளுகின்றனர். அதே சொல் சைவ ஞானியரின் திருவாயில் மேலான உபதேசமாகவும் விளங்குகின்றது. திண்ணையிற் பேசப்படும் ஒரு சொல் குருவின் உபதேசமொழி ஆனது எவ்வாறு? அதன் பொருளை உணர்ந்தால் அன்றாட வாழ்வுக்கும் ஆலய வழிபாட்டுக்கும் அதனால் வரும் பயன் யாது? இவற்றைச் சிறிது சிந்திப்பது அடியார்களுக்கு நன்மை தரும்.

பேச்சு வழக்கில் "சும்மா"

வீட்டுக்கு வந்தவரிடம் "என்ன அலுவலாய் வந்தனீங்கள்?" என்று கேட்டால், "ஒரு அலுவலுமில்லை, சும்மா வந்தனான்" என்பார். இங்கே சும்மா என்பதற்குக் காரியம் எதனையும் கருதாமல் என்பது பொருள். முருங்கைக்காய்க்குக் காசு கொடுக்க வந்த அயலவரிடம் வீட்டுக்காரர், "காசு வேண்டாம், சும்மா கொண்டு போங்கோ" என்பார். இங்கே விலையின்றி என்பது பொருள். பயிர் செய்யாத வளவைச் "சும்மா கிடக்கிற காணி" என்பர். துடியாட்டம் போடும் பிள்ளையைத் தாய், "கொஞ்ச நேரம் சும்மா இரு" என்று அதட்டுவாள். ஆடாமலும் பேசாமலும் அமைதியாய் இரு என்பதே அவள் சொல்வது. பகிடியாகப் பேசியவர், "சும்மா சொன்னனான்" என்று சமாளிப்பார்.

இவை வெவ்வேறு பொருள்கள் போலத் தோன்றினும் இவற்றை இணைக்கும் இழை ஒன்று உண்டு. காரியம் இல்லை, விலை இல்லை, முயற்சி இல்லை, ஓசை இல்லை என்று எல்லாவிடத்தும் ஏதோ ஒன்று நீங்கி நிற்பதையே இச்சொல் குறிக்கின்றது. "நான் செய்கிறேன்", "எனக்கு வேண்டும்" என்னும் எண்ணங்களும் நீங்கி நிற்கும்போது அச்சொல் ஞானநிலையைக் குறிப்பதாகின்றது.

குருமார் உபதேசித்த சொல்

திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதர், வாழ்க்கையை வெறுத்துக் கோபுரத்தின் மேலிருந்து வீழ்ந்தபோது முருகப்பெருமான் தாங்கி ஆட்கொண்டார் என்பது வரலாறு. அப்பெருமானிடம் தாம் பெற்ற "சும்மா இரு" என்னும் உபதேசத்தை அவர் கந்தரநுபூதியிலே போற்றியுள்ளார். திருச்சிராப்பள்ளியில் நாயக்க மன்னரிடம் பணிபுரிந்த தாயுமான சுவாமிகளுக்கு மௌனகுரு என்பவர் ஞானாசிரியராக வாய்த்தார். அவர் காட்டிய நெறியும் இதுவே. சும்மா இருப்பதன் அருமையைத் தாயுமானவர் பாடல்களிற் பல இடங்களிற் காணலாம்.

ஈழத்திலே இச்சொல்லை மக்களிடையே வழங்கச் செய்தவருள் யோகர் சுவாமிகள் முதன்மையானவர். 1872ஆம் ஆண்டு பிறந்து 1964ஆம் ஆண்டு சமாதியடைந்த சுவாமிகள், நல்லூர்த் தேரடியில் வாழ்ந்த செல்லப்பா சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர். கொழும்புத்துறைக் குடிலில் தம்மை நாடி வந்த படித்தவர்க்கும் பாமரர்க்கும் எளிய மொழியிலேயே வழிகாட்டினார். அவருடைய நற்சிந்தனையிலும் சும்மா இருத்தலின் பெருமை பேசப்படுகின்றது.

இரண்டு பட்டைச் சோறு

சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பதை விளக்கப் பெரியோர் ஒரு கதை சொல்வதுண்டு. ஓர் ஆலயத்திற்குப் புதிதாக வந்த அதிகாரி கணக்கேட்டைப் பார்வையிட்டார். பூசகருக்கு இவ்வளவு, மாலை கட்டுவோருக்கு இவ்வளவு என்று எழுதியிருந்த வரிசையில், "சும்மா இருக்கும் சாமியாருக்கு ஒரு பட்டைச் சோறு" என்றும் இருந்தது. அதிகாரிக்குக் கோபம் வந்தது. "சும்மா இருப்பவனுக்கு ஏன் சோறு?" என்று அதனை நிறுத்திவிட்டார்.

அன்றிரவு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. சும்மா இருப்பது என்னதான் என்று தாமும் பார்க்கலாம் எனக் கருதி, மறுநாட் காலை ஒரு தூணருகே கண்மூடி அமர்ந்தார். சிறிது நேரத்தில் கால் உளைந்தது. பிறகு வீட்டு நினைவு வந்தது. அதன்பின் கொடுக்கவேண்டிய கடனும், தம்மை ஒருகால் ஏசியவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலும் நினைவில் எழுந்தன. உடலை இருத்த முடிந்தவருக்கு மனத்தை இருத்த முடியவில்லை. எழுந்து சென்று கணக்கேட்டைத் திறந்து, "சும்மா இருக்கும் சாமியாருக்கு இரண்டு பட்டைச் சோறு" என்று திருத்தி எழுதினார்.

திருக்கோயிலில் மௌனம்

ஆலயத்திலே மேளமும் மணியும் ஒலிக்க வேண்டியனவே. அவற்றினிடையே மௌனத்திற்கும் நம் முன்னோர் இடம் வைத்துள்ளனர். மூலஸ்தானத்தின் தென்புறத்திலே வீற்றிருக்கும் தட்சிணாமூர்த்தி, கல்லால மர நிழலில் சனகாதி முனிவர் நால்வருக்கும் வாய்திறவாது சின்முத்திரையினாலே உண்மையை உணர்த்தியவர். முனிவர் நிலை என்னும் பொருளுடைய வடசொல்லே மௌனம். அது தமிழில் மோனம் என்றும் வழங்கும். ஔவையாரும் கொன்றைவேந்தனில் ஞானத்துக்கு எல்லையாக மோனத்தையே வைத்தார்.

கதிர்காமத்திலே கப்புறாளைமார் வெண்துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்கின்றனர். அங்கே மூலஸ்தானத்தின் திரை விலக்கப்படுவதில்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் பூசகர் வாய்கட்டி, மந்திரம் ஓதாது மௌனமாகவே பூசை ஆற்றுகின்றார். சொல்லின்றியும் வழிபாடு நிறைவெய்தும் என்பதை இவ்விரு தலங்களும் அடியார்க்கு உணர்த்துகின்றன.

ஆலயத்தினுள் வீண்வார்த்தை பேசுதல் குற்றம் என நல்லைநகர் ஆறுமுக நாவலர் சைவவினாவிடையிலே எடுத்துரைத்தார். வழிபாடு முடிந்ததும் ஓரிடத்தில் அமர்ந்து திருவைந்தெழுத்தைச் செபித்து, அதன் பின்னரே வீடு திரும்புதல் மரபு. இன்று பலர் விபூதி வாங்கிய கையோடு படலையை நோக்கி விரைகின்றனர். சிலர் வசந்த மண்டபத்திலேயே ஊர்க்கதை தொடங்குகின்றனர். கைத்தொலைபேசியும் மடியில் இருந்து அழைக்கின்றது. சந்நிதியிற் பேசவேண்டியதையெல்லாம் பேசிவிட்டு, பெருமான் பேசுவதைக் கேளாமல் திரும்புவது பொருத்தமாகுமா?

சோம்பலும் சும்மா இருத்தலும்

சும்மா இருத்தல் மேலானது என்றால் உழைக்காமல் இருக்கலாமா என்று இளையோர் கேட்கக்கூடும். சோம்பேறியின் கை ஓய்ந்திருக்கும், மனமோ ஆசையினால் அலைந்துகொண்டிருக்கும். ஞானியின் மனம் ஓய்ந்திருக்கும், கையோ தொண்டு செய்துகொண்டிருக்கும். யோகர் சுவாமிகள் சிவதொண்டினை வலியுறுத்தியமையும் இதனாலேயே. தன்செயல் என்னும் முனைப்பு நீங்கி, எல்லாம் அவன் செயல் என நிற்பதையே சைவசித்தாந்தம் காட்டுகின்றது. திருவீதி கூட்டுபவரும் மடைப்பள்ளியில் விறகு எரிப்பவரும் அந்நிலையில் நின்று செய்தால், அவர்களும் சும்மா இருப்பவர்களே.

அநீதி நடக்கும்போது வாய்மூடி இருப்பதும் இதன்பாற்படாது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பர். பேசவேண்டிய இடத்தில் அச்சத்தினாற் பேசாதிருப்பவர் மனம் அடங்கியவர் ஆகார்.

துயருற்றோர் அருகில்

இச்சொல்லின் அருமை மிகுதியும் விளங்குமிடம் துயர் நிறைந்த வீடாகும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையும், 2009ஆம் ஆண்டு வரை நீடித்த யுத்தமும் எத்தனையோ குடும்பங்களிற் பெரும் இழப்பை விட்டுச் சென்றன. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் "எப்படி நடந்தது?", "அப்போது ஆர் ஆர் நின்றது?" என்று கேட்கக் கேட்க, இழந்தவர் அதே வேதனையைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. "எல்லாம் விதி" என்று கூறியவர்களாலும் புண் ஆறவில்லை.

அத்தகைய வீட்டுக்குப் பின்னேரம் ஒரு முதிய பெண் வருவாள். "என்னணை?" என்று கேட்டால், "சும்மா வந்தனான் பிள்ளை" என்பாள். விறாந்தையிற் குந்தியிருந்து கீரை ஆய்ந்து கொடுப்பாள். எதுவும் கேட்கமாட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அழுதால் முதுகைத் தடவுவாள், அழாவிட்டால் பேசாதிருப்பாள். பொழுதுபட்டதும் எழும்பிப் போவாள். மறுநாளும் வருவாள். அவள் சொல்லும் "சும்மா" என்பதில், "உன்னிடம் எனக்கு ஒன்றும் வேண்டாம், உனக்காகவே வந்தேன்" என்னும் பொருள் அடங்கியிருக்கின்றது. சாத்திரம் படியாத அவள், அருணகிரியார் பெற்ற உபதேசத்தின் ஒரு துளியைத் தன் அன்பினாலே வாழ்ந்து காட்டுகிறாள்.

அடியார் செய்யத்தக்கது

பரீட்சை, தொழில், திருமணம், நோய் எனப் பல வேண்டுதல்களோடு அடியார்கள் ஆலயம் வருகின்றனர். அதிற் குற்றமில்லை, பெற்றோரிடம் பிள்ளைகள் கேட்பது இயல்பே. எனினும் இடைக்கிடை ஒரு நாளாவது எதனையும் கேட்காமல் ஆலயம் வருதல் நன்று. பஞ்சபுராணம் ஓதி முடிந்து, விபூதி பிரசாதம் பெற்றபின், ஒரு தூணருகே ஐந்து நிமிடம் அமரலாம். எண்ணங்கள் எழுந்தால் அவற்றோடு சண்டையிடாது, திருவைந்தெழுத்தை மனத்தினுள் மெல்லச் சொல்லிக்கொண்டிருக்கலாம். பிள்ளைகளையும் அருகில் இருத்திப் பழக்கலாம்.

"என்ன வேண்டி வந்தாய்?" என்று எம்பெருமான் கேட்பதாக அப்போது எண்ணிக்கொண்டால், "ஒன்றுமில்லை ஐயனே, சும்மா வந்தனான்" என்பதே அடியாரின் விடையாக அமையட்டும். அவ்வாறு சொல்லக்கூடிய மனம் எல்லோருக்கும் வாய்க்க எம்பெருமான் திருவருள் துணை நிற்பதாக.