பஸ் ஸ்டாப்பில் சொல்வதை மேனேஜரிடம் சொல்லுங்கள்

விடிகாலையில் காரியாபட்டி பஸ் ஸ்டாப்பில் நின்று பாருங்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் மில்லுக்குப் போகிறவர்கள் ஒரு புறம், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கும் மதுரைக்கும் போகிறவர்கள் எதிர்ப்புறம். வானம் பார்த்த பூமி இது. மழை ஏமாற்றும் வருசத்தில் பல வீடுகளில் உலை கொதிப்பது இந்தச் சம்பளத்தில்தான். அங்கே அடிக்கடி காதில் விழுவது, "மேனேஜர் என்னயத் தப்பா நெனச்சுட்டார்" என்ற பேச்சு. "அவர்கிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டால் பதில் வராது.

ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில் சில வருசம் வேலை பார்த்தேன். நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினில் வேலை பார்த்த ஒரு பெண், குலசாமி கும்பிட மூன்று நாள் லீவு வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னாள். "அந்தப் பிள்ள நாளைலருந்து வராது" என்று மேஸ்திரி சூப்பர்வைசரிடம் சொன்னார். அது மேனேஜர் காதுக்குப் போனபோது "வேலைய விட்டு நின்னுருச்சு" என்று ஆகிவிட்டது. அவர் வேறு ஆளைப் போட்டார். திரும்பி வந்தவளிடம் கேட்டிலேயே யாரோ, "ஒன்ன எடுத்துட்டாங்க" என்றார்கள். ஒரு வாரம் வீட்டில் அழுதாள். பிறகு நேராக மேனேஜர் அறைக்குப் போய், "சார், நான் நிக்கல. மூணு நாள் லீவுதான் கேட்டேன்" என்றாள். ஐந்து நிமிசத்தில் முடிந்தது. ஆனால் ஒரு வாரச் சம்பளம் போனது போனதுதான். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. மூன்று வாய் மாறியது, அவ்வளவுதான்.

ஆகவே, உங்கள் சேதியை நீங்களே கொண்டுபோங்கள். மேஸ்திரி சொந்தக்கார மாமாவாகவே இருந்தாலும் அவர் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். ஊர்ப் பெரியவரையோ கட்சிக்காரரையோ முதல் நாளே கூட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். அதோடு அது கௌரவப் பிரச்சினையாகிவிடும், உங்கள் விசயம் பின்னால் போய்விடும். ஷிப்ட் மாறும் நேரத்தில் போகாதீர்கள், அப்போது அவர் கவனமெல்லாம் மெஷின் மேல் இருக்கும். "சார், அஞ்சு நிமிசம் பேசணும், எப்ப வரட்டும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் உங்கள் நியாயத்தை அடுக்காதீர்கள். "செவ்வாய்க்கிழமை ராத்திரி ஷிப்ட்ல நடந்தத ஒங்ககிட்ட எப்படிச் சொன்னாங்க சார்?" என்று முதலில் கேளுங்கள். அவர் கேள்விப்பட்டது எது என்று தெரிந்தால்தான் எதைத் திருத்துவது என்று தெரியும். பிறகு தேதி, நேரம், நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள். தப்பு உங்கள் பக்கமும் இருந்தால் அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

நம் பக்கத்துப் பழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் பேசினால் "சரிங்க சார்" என்போம். காதில் விழுந்தது என்பதுதான் நாம் சொல்வது. "சம்மதிச்சுட்டான்" என்று மேனேஜர் எடுத்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குச் "சரிங்க சார்" சொல்லிவிட்டு வராமல் போனால், அவர் கண்ணுக்கு நீங்கள் பேச்சு மாறியவர். அவர் சொல்லும் "பார்க்கிறேன்" என்ற சொல்லிலும் இதே குழி உண்டு. சம்பள உயர்வு கேட்டவருக்கு அது வாக்குறுதியாகப் படும், மேனேஜரோ அன்றைக்கே மறந்திருப்பார். முடியாது என்றால், "சார், இந்த ஞாயிறு முடியாது, அடுத்த ஞாயிறு வர்றேன்" என்று அங்கேயே சொல்லுங்கள். "பார்க்கிறேன்" என்றால், "எந்தத் தேதிக்கு வந்து கேக்கட்டும் சார்?" என்று கேளுங்கள்.

பேசி முடிந்த அன்றே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள், வாட்ஸ்அப் போதும்: "இன்று பேசியபடி 14, 15 தேதி லீவு, 16ஆம் தேதி காலை ஷிப்ட் வருகிறேன்." நாளைக்கு மேனேஜரே மாறினாலும் இது நிற்கும்.

மெமோ வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்குவது தப்பை ஒப்புக்கொள்வதாகாது. "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள், ஒரு நகல் கேளுங்கள், கெடுவுக்குள் பதில் கொடுங்கள். வெற்றுத்தாளில் மட்டும் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேசியும் தீரவில்லை என்றால் சட்டத்தில் வழி இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். தொழிலாளர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் அதில் சரிபாதி. பிரச்சினை நடந்த ஒரு வருசத்துக்குள் மனு கொடுக்கலாம், குழு அதை 30 நாளில் முடிக்கலாம் என்கிறது சட்டம். உங்கள் மில்லில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நாளை ஷிப்டுக்குப் போனதும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.