நோட்டு முடிக்காத பையனுக்கு மைதானம் இல்லையா?

கேள்வி:

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு மத்திய அரசு வேலை. சாணக்யபுரியில் அரசுக் குடியிருப்பில் இருக்கிறோம். மகன் இங்கே ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். துறுதுறுவென்று இருப்பான். வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை, போர்டில் எழுதிப் போடுவதை முழுக்க எழுதி முடிப்பதில்லை என்று டீச்சர் குறை சொல்கிறார். அதற்காகக் கேம்ஸ் பீரியடில் எல்லாப் பிள்ளைகளும் மைதானத்துக்குப் போகும்போது இவனை மட்டும் வகுப்பிலேயே உட்காரவைத்து, விட்டுப்போனதை எழுதச் சொல்கிறார்களாம். இரண்டு மாதமாக இப்படித்தான் நடக்கிறது. பையன் அடங்கியதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் ஆட்டம் இன்னும் அதிகம்.

‘விளையாட்டு எங்கே ஓடிப்போகுது? அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு, முதல்ல படிக்கட்டும்’ என்கிறார் அவன் அப்பா. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் டீச்சரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. குளிர்காலம் வந்தால் இந்த ஊர்க் காற்றில் பிள்ளையை வெளியே விடவும் பயமாக இருக்கிறது. விளையாட்டால் படிப்புக்கு உண்மையிலேயே பலன் உண்டா, அல்லது நாமாகச் சொல்லிக்கொள்கிறோமா?

— ஒரு தாய், சாணக்யபுரி, புதுதில்லி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. டீச்சர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு. ஆனால், அவர் எடுத்திருக்கும் வழி உங்கள் மகன் விஷயத்தில் நேர்எதிரான பலனைத்தான் தரும். உட்கார முடியாமல் தவிக்கிற பிள்ளைக்கு, அந்த நாளில் கை கால் நீட்டி ஓடக் கிடைக்கிற ஒரே நேரத்தையும் எடுத்துவிட்டால் அடுத்த பீரியடில் அவன் எப்படி உட்காருவான்?

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பு 2013ஆம் ஆண்டு பள்ளி இடைவேளை பற்றி ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. தண்டனை என்ற பெயரிலோ, பாடம் பாக்கி என்ற பெயரிலோ பிள்ளையின் விளையாட்டு இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு நடப்பது அப்படியே அதுதான்.

‘பலன் உண்டா’ என்று கேட்டீர்கள். உண்டு. எவ்வளவு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹில்மன் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளை டிரெட்மில்லில் 20 நிமிடம் நடக்கவைத்தது. நடந்து முடித்துச் சற்று ஓய்ந்த பிறகு கவனத்தைச் சோதிக்கும் பயிற்சிகளும் வாசிப்புத் தேர்வும் வைத்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிட நடந்த நாளில் அதே பிள்ளைகள் தப்பு குறைவாகச் செய்தார்கள். வாசித்ததைக் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். இது 2009இல் வந்த ஆய்வு. 2013இல் வந்த இன்னொன்றில், கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ளதாக மருத்துவர்கள் கண்டறிந்த பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் இருபது நிமிட நடைக்குப் பின் கணக்கும் வாசிப்பும் மேம்பட்டன. அதே குழு 2014இல் வெளியிட்டது கொஞ்சம் பெரிய ஆய்வு. ஏழு முதல் ஒன்பது வயது வரையுள்ள 221 பிள்ளைகளில் ஒரு பகுதியினரைத் தினமும் பள்ளி விட்டதும் விளையாடவைத்து, ஒன்பது மாதம் கழித்துச் சோதித்தார்கள். விளையாடிய பிள்ளைகளிடம் இரண்டு திறன்கள் கூடுதலாக வளர்ந்திருந்தன: ஒன்று, வேண்டாததைப் புறந்தள்ளி வேண்டியதில் மனதை நிறுத்துவது, மற்றொன்று, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாறுவது. விடாமல் வந்த பிள்ளைகளுக்குப் பலன் அதிகம் கிடைத்தது.

உங்கள் மகன் போர்டைப் பார்த்து எழுதி முடிக்க இந்த இரண்டும்தான் வேண்டும். ஜன்னலுக்கு வெளியே கேட்கும் சத்தத்தை விட்டுவிட வேண்டும். கண்ணைப் போர்டிலிருந்து நோட்டுக்கும் நோட்டிலிருந்து போர்டுக்கும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தத் திறன்களுக்குப் பொறுப்பான மூளையின் முன்பகுதி பத்து வயதில் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஓடியாடும்போது மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, நரம்புகளின் வளர்ச்சிக்கு உதவும் புரதங்கள் சுரக்கின்றன, இரவில் நல்ல தூக்கம் வருகிறது. நன்றாகத் தூங்கிய பிள்ளைக்கு முந்தைய நாள் படித்தது நினைவில் நிற்கும்.

எந்த விளையாட்டு என்பதும் முக்கியம். வரிசையில் நிற்கவைத்து ‘ஒன், டூ, த்ரீ’ சொல்லிக் கையைத் தூக்கி இறக்குவதைவிட, யோசித்துக்கொண்டே உடலை அசைக்கும் ஆட்டங்கள் கவனத்துக்கு அதிக வேலை தருகின்றன. நம் ஊர் ‘கொக்கு பற பற’வையே எடுத்துக்கொள்ளுங்கள். பறக்கிற ஒன்றின் பெயரைச் சொன்னால் கையைத் தூக்க வேண்டும். இடையில் மாடு என்றோ ஆடு என்றோ சொல்லும்போது, தூக்க எழும் கையைப் பிள்ளை தானே பிடித்து நிறுத்திக்கொள்ள வேண்டும். உளவியல் ஆய்வுக்கூடங்களில் கணினித் திரையில் வைத்துச் சோதிக்கிற அதே தன்னடக்கத்தை நம் பாட்டிமார்கள் திண்ணையில் பழக்கியிருக்கிறார்கள். கிளித்தட்டு, கோ-கோ, கபடி எல்லாமே இப்படி எதிராளியைக் கவனித்து, காத்திருந்து, சட்டென்று முடிவெடுக்கிற ஆட்டங்கள்தான். கபடிக்கும் கோ-கோவுக்கும் பெரிய செலவு கிடையாது. பல பள்ளிகள் இவற்றை விட்டுவிட்டது எனக்குப் பெரிய வருத்தம்.

இனி உங்கள் கணவரின் கவலை. விளையாட்டுக்குக் கொடுக்கும் நேரம் படிப்பிலிருந்துதானே குறைகிறது என்கிறார். நியாயமான கேள்வி. இதைக் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1970 முதல் 1977 வரை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். த்ருவா ரிவியேர் என்ற ஊரிலும் இன்னொரு கிராமத்திலும், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்குத் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக உடற்கல்வி கொடுத்தார்கள். அந்த நேரத்தைப் பாட நேரத்திலிருந்துதான் எடுத்தார்கள். ஏறக்குறைய 13 சதவீதப் பாட நேரம் போயிற்று. மதிப்பெண் குறையவில்லை. மேல் வகுப்புகளுக்குப் போகப்போக, கூடுதலாக விளையாடிய பிள்ளைகளே மொத்தத்தில் சற்று முன்னால் நின்றார்கள். ஸ்வீடனில் மால்மோ நகரத்துப் பள்ளியொன்றில் 1999இல் தொடங்கித் தினமும் உடற்கல்வி கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு முடித்தபோது 96 சதவீதம் பேர் மேல்நிலைப் படிப்புக்குத் தகுதி பெற்றிருந்தார்கள். வாரம் இரண்டே முறை உடற்கல்வி பெற்றவர்களில் அது 89 சதவீதம். இந்த இரண்டையும் உங்கள் கணவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

அதற்காக விளையாடினால் வகுப்பில் முதல் ரேங்க் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் கவனமும் வகுப்பு நடத்தையும் மேம்படுவது தெளிவாகத் தெரிகிறது. மதிப்பெண் உயர்வு சிலவற்றில் தெரிகிறது, சிலவற்றில் இல்லை. பாடம் புரியாத பிள்ளைக்குப் பாடத்தை மறுபடி சொல்லித்தர வேண்டும், அதற்குக் கால்பந்து மாற்று ஆகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மதிப்பெண் ஒன்றுகூட ஏறாவிட்டாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு விளையாட நேரம் வேண்டும். அது அவன் உடம்புக்கும் மனசுக்கும் சேர வேண்டியது. படிப்பைக் காட்டித்தான் விளையாட்டைக் கேட்டு வாங்க வேண்டும் என்ற நிலைமையை நான் ஏற்கவில்லை.

பி.டி. பீரியடைக் கடன் வாங்கும் வழக்கம் நம் ஊருக்கும் புதிதல்ல. உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஆசியாவிலேயே முதல் கல்லூரி தொடங்கப்பட்டது நம் சென்னையில்தான். 1920இல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஹாரி குரோ பக் அதைத் தொடங்கினார். அந்தத் தமிழ்நாட்டிலேயே கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் விளையாட்டுப் பீரியடை வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று, விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் பொதுமேடையில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

டீச்சரிடம் எப்படிப் பேசுவது? குற்றம் சொல்லும் தொனியில் தொடங்காதீர்கள். ‘அவன் எழுதாமல் விடுவது எங்களுக்கும் கவலைதான். விட்டதை வீட்டில் நான் உட்கார்ந்து எழுதவைக்கிறேன், நோட்டைத் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். கேம்ஸ் பீரியடுக்கு மட்டும் அவனை அனுப்பிவிடுங்கள். ஒரு மாதம் பார்ப்போம்’ என்று கேளுங்கள். சொன்னதை நீங்களும் தவறாமல் செய்ய வேண்டும். கூடவே இன்னொரு யோசனையும் சொல்லலாம்: இரண்டு பாடங்களுக்கு நடுவே பத்து நிமிடம் எல்லாப் பிள்ளைகளையும் இருக்கையருகே நின்று குதிக்க, நீட்ட, மடக்கச் சொல்வது. அமெரிக்காவின் வட கரோலினாவில் இப்படிச் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமாக அதிகம் கவனம் சிதறுகிற பிள்ளைகளிடமே முன்னேற்றம் அதிகமாக இருந்தது. உங்கள் மகனின் டீச்சருக்கு இதைவிட நல்ல சேதி வேறு இருக்க முடியாது!

அதற்கும் பலன் இல்லையென்றால் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றில் விளையாட்டு மைதானத்தையும் விளையாட்டுப் பொருள்களையும் சேர்த்தே சொல்கிறது. சி.பி.எஸ்.இ. 2018இல் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தினம் ஒரு பீரியட் உடற்கல்வி கட்டாயம் என்று அறிவித்தது. அந்த உத்தரவு ஐந்தாம் வகுப்புக்கு நேராகப் பொருந்தாது. ஆனாலும் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கே தினமும் வேண்டும் என்று வாரியம் நினைக்கும்போது, உங்கள் மகன் வகுப்புக்கு ஏன் மறுக்க வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

குளிர்காலக் காற்றைப் பற்றிய உங்கள் பயம் வீண் பயம் இல்லை. ஓடுகிற பிள்ளை, உட்கார்ந்திருப்பவனைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறான். அதோடு தூசியும் உள்ளே போகிறது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே பள்ளி விளையாட்டுப் போட்டிகளைக் காற்று நன்றாக இருக்கும் மாதங்களுக்குத் தள்ளிவைப்பது பற்றிக் காற்றுத் தர மேலாண்மை ஆணையம் பார்க்க வேண்டும் என்று சொன்னது. சரியான அக்கறைதான். ஆனால் பல பள்ளிகளில் மைதானத்தைப் பூட்டியதோடு வேலை முடிந்துவிடுகிறது. மூன்று மாதம் பிள்ளைகள் பெஞ்சிலேயே கிடக்கிறார்கள். மைதானத்துக்குப் போகாமலேயே உடலை அசைக்க வழி உண்டு.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ராமகிருஷ்ணாபுரத்தில் காற்றுத் தரம் அளக்கும் நிலையம் இருக்கிறது. அது காட்டும் காற்றுத் தரக் குறியீட்டு எண்ணைத் தினம் போனில் பாருங்கள். 200க்குள் இருந்தால் ஆஸ்துமா, இளைப்பு இல்லாத பிள்ளை வெளியே விளையாடட்டும். 200க்கு மேல் போனால் ஓட்டத்தைக் குறைத்துச் சிறிது நேரம் மட்டும். 300ஐத் தாண்டினால் வீட்டுக்குள்தான். ஸ்கிப்பிங் கயிறு, சூரிய நமஸ்காரம், வராந்தாவில் சாக்பீஸால் கோடு கிழித்துப் பாண்டி, அக்காள் தம்பிகளோடு கொக்கு பற பற என்று எத்தனையோ இருக்கிறது. வேளையையும் கவனியுங்கள். டிசம்பர், ஜனவரி அதிகாலையில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்துகிடக்கும். அதற்கு மேல் சற்று வெப்பமான காற்று மூடி போட்டதுபோல் நிற்பதால் புகை மேலே போகாது. வெயில் ஏறி நிலம் சூடான பிறகுதான் அது கலையும். ஆகவே குளிர்காலத்தில் காலை நடைக்குப் பிள்ளையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பிற்பகல் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் வெளியே விடுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை இது தலைகீழ்: வெயிலுக்கு முன், காலையிலேயே. பிப்ரவரி கடைசி, மார்ச், மழைக்காலம் இவைதான் தில்லிப் பிள்ளைகளுக்கு நல்ல நாட்கள். அப்போது வீட்டில் அடைத்துவைக்காதீர்கள். நேரு பூங்கா உங்களுக்குப் பக்கம்தானே. அத்தனை பெரிய புல்வெளி சென்னைப் பிள்ளைகளுக்கே வாய்க்காது.

ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளியில் கிடைப்பது போக மீதியை மாலையில் ஈடுகட்டுங்கள். வந்ததும் புத்தகத்தை எடுக்கச் சொல்லாமல், ஏதாவது சாப்பிட்டுவிட்டு முக்கால் மணி நேரம் ஆடவிட்டு, குளித்த பிறகு பாடத்துக்கு உட்காரவையுங்கள். அவன் அப்பாவும் வாரத்தில் இரண்டு நாள் பந்து தட்டினால் விவாதம் தானாகக் குறையும்.

கடைசியாக, கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். போர்டில் இருப்பது தெரியாததால் எழுதாத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்ப்பார்கள், திட்டு வாங்குவார்கள். எய்ம்ஸ் மருத்துவர்கள் தில்லிப் பள்ளிகளில் 9,884 பிள்ளைகளைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், 13.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விளையாடும் பிள்ளைகளுக்கு அது குறைவாக இருந்ததும் அதே ஆய்வில் தெரியவந்தது. கண்ணும் காதும் சரியாக இருந்து, மைதானமும் தூக்கமும் ஒழுங்காகக் கிடைத்து, இரண்டு மூன்று மாதம் ஆன பிறகும் பள்ளியிலும் வீட்டிலும் ஒரே மாதிரி நிலைகொள்ளாமல் இருந்தால் குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அவன் முன்னால் ‘இவன் உட்காரவே மாட்டான்’ என்று யாரிடமும் சொல்ல வேண்டாம்.