விண்கலத்தில் மனிதன் அமரும் இடம்

மனிதனை விண்வெளிக்கு அனுப்புதல் தகுமா, தகாதா என்னும் வழக்கு நெடுநாளாக நடந்து வருகின்றது. பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களைக் கண்டறிந்த வான் ஆலன் என்னும் அமெரிக்க அறிஞரே, யந்திரங்கள் செய்யத்தக்க வேலைக்கு மனிதரை அனுப்புவானேன் என்று தம் முதுமையிலும் வினவி வந்தார். அவ்வழக்கினுள் நாம் ஈண்டுப் புகவில்லை. அனுப்புவதென்று துணிந்தபின், அவனை எரிபொருளுக்கு மேலே அமர்த்துவதா, பக்கத்தே அமர்த்துவதா என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம். கேட்பதற்குச் சிறிதாயினும், பல உயிர்களைத் தொட்ட வினா இது.

மெர்க்குரி, அப்பல்லோ என்னும் அமெரிக்கக் கலங்களிலும், ருஷியரின் சோயூஸ் கலத்திலும் மனிதர் இருக்கும் கூடு ராக்கெட்டின் உச்சியில் அமைந்தது. கூட்டின் தலையில் கோபுரம் போன்றதொரு சட்டமும் அதன்கண் ஒரு சிறு ராக்கெட்டும் பொருத்தினர். கீழே தீப்பற்றின் இச்சிறு ராக்கெட்டு கூட்டைப் பிடுங்கிக்கொண்டு சேய்மைக்குப் பாயும்; பின்னர்ப் பாரசூட் விரியும். இடர் நேராத பயணத்தில் கோபுரம் நடுவழியிலேயே கழற்றி எறியப்படுமாதலின், இதனை வீண்பாரம் என்பாரும் உளர். 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் பைக்கனூர் ஏவுதளத்தில் பெரிய ராக்கெட்டு தீப்பற்றி எரிய, அது வெடிப்பதற்குச் சில நொடிகளே எஞ்சியிருந்தபோது இக்கோபுரம் இயங்கிற்று. உள்ளிருந்த டிட்டோவ், ஸ்திரெக்காலோவ் இருவரும் ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு அப்பால் உயிருடன் இறங்கினர்.

இனி, அமெரிக்கர் இவ்வமைப்பைக் கைவிட்ட வரலாற்றைக் காண்போம். 1972 ஜனவரி 5-ஆம் நாள் ஜனாதிபதி நிக்ஸன் விண்ணோடம் என்னும் புதிய கலத்திற்கு இசைவளித்தார். மீண்டும் மீண்டும் பறக்கவல்ல இரண்டு சிறகுக் கலங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் செல்வதாகவே முதலில் எண்ணியிருந்தனர். வரவு செலவு பார்க்கும் அதிகாரிகள் அதற்கு வேண்டிய பணத்தில் ஏறத்தாழப் பாதியே தர இசைந்தனர். விமானப்படையின் ஆதரவின்றித் திட்டம் நிலைக்காது; அப்படையோ 60 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள சரக்கறை வேண்டும் என்றது. பூமியை ஒருமுறை சுற்றியவுடன் புறப்பட்ட இடத்திற்கே திரும்பவும் வேண்டும் என்றது. அதற்குள் பூமி சுழன்று அவ்விடம் கிழக்கே விலகிவிடுமாதலின், பக்கவாட்டில் நெடுந்தூரம் சறுக்கிவர முக்கோணப் பெருஞ்சிறகு தேவையாயிற்று. இவ்வாறு பலர் பேரத்தில் பிறந்த கலம், எரிபொருள் தொட்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு, இரு பக்கமும் திட எரிபொருள் ராக்கெட்டுகள் சீற மேலெழுவதாக முடிந்தது. கோபுரத்துக்கு இதில் இடமில்லை. முதல் நான்கு பயணங்களில் இருவரே சென்றமையின் அவர்களுக்கு வெளியே தூக்கியெறியும் ஆசனங்கள் இருந்தன. பின்னர் எழுவர் செல்லலாயினர், அவ்வாசனங்களும் ஒழிந்தன.

1986 ஜனவரி 28-ஆம் நாள் குளிர்ந்த காலையில் சாலஞ்சர் புறப்பட்டு 73 நொடியில் சிதறியது. திட ராக்கெட்டின் பொருத்திலிருந்த ரப்பர் வளையமே காரணம் என்பதும், அதைச் செய்த கம்பெனியின் எஞ்சினீயர்கள் முந்திய இரவே தடுத்துரைத்தனர் என்பதும் யாவரும் அறிந்தவை. பலர் அறியாதது ஒன்று உண்டு. மனிதர் இருந்த முன்பகுதி ஏறத்தாழ முழுமையாகவே பிரிந்து, 2 நிமிஷம் 45 நொடி கழித்துத்தான் கடலில் வீழ்ந்தது. மீட்கப்பட்ட அவசரக் காற்றுக்கருவிகள் நான்கனுள் மூன்று திறக்கப்பட்டிருந்தன. எழுவருள் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை. அக்கூட்டிற்குப் பாரசூட் இல்லை.

2003-இல் கொலம்பியாவுக்கு நேர்ந்ததோ பக்கத்தே அமர்ந்ததன் நேர்ப்பயன். புறப்பட்ட 82-ஆம் நொடியில் தொட்டியினின்று பெயர்ந்த, ஒரு கிலோகிராம் எடைகூட இல்லாத நுரைக்கட்டி இடச்சிறகின் முன்விளிம்பை உடைத்தது. பிப்ரவரி 1-ஆம் நாள் திரும்பும்போது அவ்வழியே வெங்காற்றுப் புகுந்தது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவரும் மாண்டனர். உச்சியில் அமர்ந்த கூட்டின்மேல் தொட்டியின் நுரை விழுவதற்கு வழியே இல்லை.

விண்ணோடத்திற்கும் உரிய பெருமையைக் கூறுதல் நியாயம். ஹபிள் தொலைநோக்கியை 1990-இல் மேலே கொண்டுபோனதும், 1993-இல் அதன் மங்கிய பார்வையைச் சரிசெய்ததும் அக்கலமே. அக்காலத்துக் கூடு எதுவும் அதனைச் செய்திராது. ஆயினும் 2011-இல் அது ஓய்வு பெற்றபின் அமெரிக்கர் மீண்டும் உச்சிக்கே திரும்பினர். ஓரியன் கலம் பழைய கோபுரத்தையே தாங்குகின்றது. 2020 முதல் மனிதரைச் சுமக்கும் டிராகன் கலத்திலோ, மீட்கும் எஞ்சின்கள் எட்டும் கூட்டின் சுவரிலேயே பதிந்துள்ளன. நம் நாட்டு ககன்யானுக்கும் கோபுரம் உண்டு. 2023 அக்டோபர் 21-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் ஆளில்லாமல் அதனைச் சோதித்தனர்.

வழக்கு இதனுடன் தீர்ந்துவிடவில்லை. இப்போது உருவாகிவரும் ஸ்டார்ஷிப் என்னும் பெருங்கலத்தில் பிரிந்து தப்பும் கூடு கிடையாது. ஆகாய விமானத்தில் பிரயாணிகளுக்குப் பாரசூட் கொடுப்பதில்லையே, பலமுறை பறந்து பழகின் இதுவும் அத்தகைய நம்பிக்கை பெறும் என்பது அதனை ஆதரிப்போர் வாதம். விமானங்கள் அந்நம்பிக்கையைப் பெற்றது கணக்கற்ற பறத்தல்களால். ஆண்டுக்கு ஐம்பது முறையளவு பறக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட விண்ணோடம், மிகுதியாகப் பறந்த 1985-இல் 9 முறையே எழுந்தது. 30 ஆண்டுகளில் மொத்தம் 135. புதிய கலத்தின் கணக்கு அவ்வெண்ணை எத்தனை மடங்கு கடந்தபின் மனிதரை ஏற்றலாம் என்று கேட்டால், அதனை ஆதரிப்போர் ஓர் எண்ணைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பது நம் கருத்து.